ஆசி கொடுத்த பெட்டி

சூரோன்பாய் எந்தச் சாமானையும் முதலில் தூக்கித்தான் பார்ப்பார். கனம் இருந்தால் சரக்கு. இல்லாவிட்டால் ஏமாற்று. கிர்கிஸ்தானில், பிஷ்கெக் சுற்றுவட்டாரத்தில் முப்பத்திரண்டு வருஷம் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய மனுஷர். ஒரு ஸ்பீக்கரைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும் என்றிருந்த காலத்தில் பழகிய கை அது. அந்தக் கையில் கடைக்காரன் மிர்லான் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை வைத்தான். தீப்பெட்டி மாதிரி இருந்தது.

"இதுவா சவுண்ட் கார்டு? உள்ள ஏதாவது இருக்கா, வெறும் ஓடா?"

"எல்லாம் இருக்கு அக்சகால்." பெரியவர்களை அங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். "மைக்கை இதுல சொருகி, இதைக் கம்ப்யூட்டர்ல சொருகினா போதும். சத்தம் சுத்தமா ஏறும். வீட்டுல ரெக்கார்ட் பண்றவங்க எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

எல்லாரும் வாங்குகிறார்கள் என்று சொன்னதுமே சூரோன்பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. தேங்கிக் கிடக்கிற சரக்கைத்தான் கடைக்காரன் அப்படிச் சொல்வான். அலமாரியின் மேல்தட்டில் இன்னொன்று இருந்தது. இரும்பு உடம்பு, நாலு பெரிய திருகு, பச்சையும் சிவப்புமாக விளக்கு. விலையும் குறைவு.

"அதை எடு."

"அது வேண்டாம் அக்சகால். பாக்கத்தான் கம்பீரம்."

"விலை கம்மியா இருக்குன்னு மறைக்கிறியா? எடுடா."

மருமகள் பெர்மெட் பக்கத்தில் நின்றாள். இந்தச் சாமானெல்லாம் அவளுக்காகத்தான். இசைக் கல்லூரியில் கோமுஸ் படித்தவள். மூன்றே நரம்பு உள்ள அந்த வாத்தியத்தை அவள் எடுத்தால் அடுத்த வீட்டு ஆட்கள் சுவர் ஓரமாக வந்து உட்காருவார்கள். புருஷன் தாலாய் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறான். அங்கே ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவ அவளுக்கும் இடம் பார்த்து வைத்திருந்தான். அவள் போகமாட்டேன் என்றாள். வீட்டிலேயே வாசித்து ரெக்கார்ட் பண்ணி விற்கிறேன், இலையுதிர் காலம் வரைக்கும் தவணை கொடு என்று கேட்டாள். கொடுத்தான். சாமான் வாங்கப் பணமும் அனுப்பினான். "அப்பாவைக் கூட்டிட்டுப் போ, அவருக்குக் காது உண்டு" என்று அவன்தான் சொன்னான்.

மைக், ஹெட்போன், ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் எல்லாம் அவள் பார்த்துச் சொன்னதுதான். இந்தப் பெட்டியில்தான் மாமனார் தலையிட்டார்.

மிர்லான் ரெண்டு பெட்டியையும் மாட்டிக் காட்டினான். பெர்மெட் தலைத்துணிக்கு மேலேயே ஹெட்போனை வைத்துக்கொண்டாள். சின்னதைக் கேட்டபோது முகம் அமைதியாக இருந்தது. பெரியதைக் கேட்டபோது புருவம் கூடியது.

"அத்தா, இதுல வந்து..."

"என்ன இதுல?"

அவர் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். ஒன்றும் இல்லை. சுத்தம். கிணற்றுத் தண்ணீர் மாதிரி.

"என்ன இதுல? சொல்லு."

பெர்மெட் அவர் முகத்தைப் பார்த்தாள். கடைக்காரனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல அத்தா."

கடைக்காரன் மறுபடி வாயைத் திறப்பதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று சூரோன்பாய்க்குத் தோன்றியது. அங்கேயே, சந்தை வரிசையில் இருந்த அந்த இரும்புக் கண்டெய்னர் கடைக்குள்ளேயே, ரெண்டு கையையும் ஏந்தினார். "இந்தப் பெட்டியோட குரல் மலை தாண்டிப் போகட்டும். தொட்டவ கை நோகாம இருக்கட்டும். ஆமீன்." முகத்தைத் தடவிக்கொண்டார். பெர்மெட்டும் தடவிக்கொண்டாள். மிர்லானும் வேறு வழியில்லாமல் தடவிக்கொண்டான்.

அதோடு பேச்சு முடிந்தது. பெரியவர் ஆசி கொடுத்த பொருளை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். திருப்பிக் கொடுக்கவும் மாட்டார்கள். ஏந்திய கையைக் கவிழ்த்துப் பிடித்தால் அது சாபம். வாய் பேசத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். சூரோன்பாய்க்கும் தெரியும். தெரிந்துதான் அவசரப்பட்டார்.

அவருக்கு இன்னொன்றும் தெரியும். வீட்டு வாசல் பாப்ளர் மரத்தில் குருவிச் சத்தம் நின்றுபோய் மூன்று வருஷம் ஆகிறது. குருவிகள் குறைந்துவிட்டன, நகராட்சிக்காரன் மருந்தடித்துக் கொன்றுவிட்டான் என்று ஆபீஸுக்கே போய்ச் சத்தம் போட்டார். திரும்பி வந்து பார்த்தால் கிளை முழுக்கக் குருவி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்குள் போய்ப் படுத்தவர் அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை. தன்னிடமும் பேசவில்லை.

மெத்தை அடுக்குகிற பக்கத்து அறையை பெர்மெட் காலி பண்ணினாள். சுவர் நாலிலும் கம்பளி நெசவுக் கம்பளங்களை ஆணி அடித்து மாட்டினாள், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க. "வீட்டுக்குள்ள ஒரு கூடாரம் போட்டுட்டா என் மருமக" என்று மாமியார் குல்சாரா ஊரெல்லாம் சொன்னாள். பெருமையாகத்தான்.

வேலை கிடைக்க நாளாயிற்று. கடைசியில் செலிமா என்று ஒருத்தி, பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பதிவு பண்ணி விற்கிறவள், கதைக்கு நடுவே வைக்கப் பத்துத் துண்டு இசை வேண்டும் என்றாள். ஒன்று வாசித்து அனுப்பு, பிடித்தால் பத்தும் உனக்கு, அடுத்த வருஷமும் உனக்கு. தாலாய் வைத்த தவணைக்கு இருபது நாள் இருந்தது. பெர்மெட் நாலு நாள் அந்த அறையிலேயே கிடந்து வாசித்து அனுப்பினாள்.

செலிமாவின் போன் வந்தபோது பெர்மெட் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை முழுக்க மாவு. போனை மேஜையில் வைத்து முழங்கையால் ஒலிபெருக்கியை அழுத்தினாள். சூரோன்பாய் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாசிப்பு ரொம்ப நல்லா இருக்கு பெர்மெட். ஆனா பின்னாடி ஒரு கூவல் வருதே, கேட்டீங்களா இல்லையா? காதுக்குள்ள கொசு போன மாதிரி. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும். காதுள்ள யாருக்கும் கேக்கும். எந்தக் குழந்தை இதைத் தாங்கும்?"

சூரோன்பாயின் கையில் இருந்த கிண்ணம் நின்றது.

"அழிச்சுப் பாத்தேன் அக்கா. அதை அழிச்சா நரம்போட உயிரும் சேந்து போகுது."

"அப்ப என்ன சாமான் வச்சிருக்கீங்க? நல்லதா மாத்துங்களேன்."

பெர்மெட் மாமனார் பக்கம் திரும்பவே இல்லை. "சாமான் நல்ல சாமான்தான் அக்கா. நான்தான் கம்பியைச் சரியா மாட்டல. தப்பு என்னோடது. இன்னும் ஒரு தடவை அனுப்பட்டுமா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள. அதுக்கு மேல வேற ஆளைப் பாத்துடுவேன், கோவிச்சுக்காதீங்க."

போன் நின்றது. பெர்மெட் மாவை மறுபடி பிசைந்தாள். கடையில் கூடிய அந்தப் புருவம் சூரோன்பாய்க்கு இப்போதுதான் சரியாகத் தெரிந்தது. அன்றைக்கே அவளுக்குக் கேட்டிருக்கிறது. சொல்ல வந்தாள். அவர் வாயை அடைத்தார், அதற்கு மேல் ஆசியையும் போட்டு ஆணி அடித்தார். இப்போது அவள் தப்பைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் சும்மா உட்கார்ந்து டீ குடித்தார்.

'என் தப்பு' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷம் போனது. அடுத்ததும் போனது. அவர் செய்தது வேறு. எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு வெல்டிங்காரன் எர்மெக்கிடம் சண்டைக்குப் போனார்.

"உன் மெஷினால என் மருமக பிழைப்பு போகுதுடா! கரண்ட்டுல கூவல் வருது!"

எர்மெக் நிமிர்ந்து பார்த்தான். "சாப்பாட்டு நேரத்துல இருந்து நான் மெஷினையே தொடல பெரியவரே."

"நேத்து தொட்டியா இல்லையா? அதோட மிச்சம் கம்பியில நிக்குது."

"மிச்சம் நிக்க அது என்ன சூப்பா?"

"என் கிட்டயே நையாண்டியா? மெயினை அணைச்சுட்டு வா. வந்து நீயே கேளு."

எர்மெக் நல்ல பையன். பெரியவர் சொன்னார் என்று மெயினை அணைத்தான், கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். கம்பள அறையில் மூன்று பேரும் நின்றார்கள். பெர்மெட் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"இப்ப நின்னுடுச்சு பாரு" என்றார் சூரோன்பாய். "நான் சொல்லல?"

எர்மெக் முகத்தைச் சுளித்தான். "நிக்கலையே. இதோ கத்துதே. இந்தப் பெட்டியிலிருந்துதானே..."

அவன் பேச்சு பாதியில் நின்றது. ஏன் நின்றது என்று சூரோன்பாய் திரும்பிப் பார்த்தார். பெர்மெட் அவனைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டிக்கொண்டிருந்தாள். வேண்டாம், சொல்லாதே. மாமனார் திரும்பியதும் சட்டென்று கம்பியைச் சரி பண்ணுகிற மாதிரி குனிந்தாள்.

எர்மெக் தலையைச் சொறிந்தான். "ஆமா பெரியவரே. நின்னுடுச்சு. என் மெஷின்தான் போல."

சொந்த வீட்டில், சொந்தக் கம்பளத்துக்கு நடுவில், ரெண்டு பிள்ளைகள் சேர்ந்து அவருக்குப் பொய் சொன்னார்கள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வெளியே வந்தார். வராந்தாவில் குல்சாரா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சண்டை முடிஞ்சுதா? யாரு ஜெயிச்சது?"

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

"என் காது."

குல்சாரா கத்தியை நிறுத்தவில்லை. "அடுப்புல கெண்டி விசிலடிச்சு விசிலடிச்சு வறண்டு போகுது, நீ பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிற. ரெண்டு கெண்டி கருகிப் போச்சு. எனக்குத் தெரியாம?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா கெண்டி தயாரிச்சவனைத் திட்டுவ. எதுக்கு வம்பு?"

அன்றைக்கு பெர்மெட் அவருக்கு முதல் தட்டு வைத்தாள், எப்போதும் போல. கொழுப்புள்ள துண்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் அதை மென்றுகொண்டே இருந்தார்.

புதன்கிழமை காலையில் பெட்டியைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கிளம்பு" என்றார் மருமகளிடம்.

"எங்க அத்தா?"

"கடைக்கு. மாத்தணும்."

அவள் திடுக்கிட்டாள். "ஆசி கொடுத்தது அத்தா. வேண்டாம். நான் வேற வழி பாக்கறேன். கோமுஸை மைக்குக்கு இன்னும் கிட்ட வச்சு..."

"கிளம்புன்னேன்."

மினிபஸ்ஸில் போனார்கள். கடையில் மிர்லான் பெட்டியைப் பார்த்ததும் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அக்சகால், இதை நான் எப்படி வாங்குவேன்? நீங்க கை ஏந்தினீங்க, நானும் ஆமீன் சொன்னேன். திருப்பி வாங்கினா ரெண்டு பேரும் கையைக் கவுத்த மாதிரி. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு. கடையும் இருக்கு."

"அந்த ஆசி செல்லாது."

"ஆசி செல்லாதுன்னு நீங்க சொல்லலாமா? உங்க வாயால வந்தது."

"வாயால வந்தது. காதால வரல. எனக்குக் கேக்காது. கேட்டேன்னு பொய் சொல்லி ஆசி கொடுத்தேன். பொய்க்குக் கொடுத்த ஆசியை மேல இருக்கறவன் எடுத்துக்கிட்டிருக்க மாட்டான்."

மிர்லான் அவரை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "நல்ல சாக்கு. எங்கயோ இன்னும் மலிவாப் பாத்துட்டீங்க, அதானே? சூரோன்பாய்க்குக் காது கேக்காதாம். இந்த வரிசையில போய்ச் சொல்லுங்க, எவன் நம்புவான்? ஸ்பீக்கர்ல எந்தப் பக்கம் ஆணி லூஸ்னு கண்ணை மூடிட்டுச் சொன்ன ஆள் நீங்க."

சூரோன்பாய் வாழ்நாள் முழுக்கக் கடைக்காரர்களை நம்பவில்லை. இப்போது ஒரு கடைக்காரன் அவரை நம்பவில்லை. அவன் உண்மையைச் சொன்னபோது இவர் நம்பவில்லை, இவர் உண்மையைச் சொல்லும்போது அவன் நம்பவில்லை. கணக்கு சரிதான் என்று அவருக்கே பட்டது.

"நம்பலன்னா சோதிச்சுப் பாரு."

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். விளக்கு விற்கிறவன், கம்பி விற்கிறவன், டீக்கடைக்காரி. எல்லாருக்கும் சூரோன்பாயைத் தெரியும். பாதிப் பேர் கல்யாணத்துக்கு அவர்தான் ஒலிபெருக்கி கட்டினார். "அத்தா, போயிடலாம்" என்று பெர்மெட் மெதுவாகச் சொன்னாள். அவர் காதில் விழாத மாதிரி நின்றார். அது விழுந்தது.

மிர்லான் கம்ப்யூட்டரில் ஏதோ அழுத்திப் பெரிய ஸ்பீக்கரைப் போட்டான். அடியிலிருந்து மேலே ஏறுகிற சத்தம். முதலில் மாடு மாதிரி. அப்புறம் ஆள் மாதிரி, அப்புறம் குழல் மாதிரி. சூரோன்பாய் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். "கேக்குது. கேக்குது. கேக்குது." பிறகு சத்தம் நின்றது.

நின்றது என்று அவர் நினைத்தார். ஆனால் டீக்கடைக்காரி காதைப் பொத்தினாள். கம்பிக்காரன் பல்லைக் கடித்தான். கண்டெய்னருக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பெர்மெட் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"இப்பவும் சத்தம் வருதா?" என்று கேட்டார் சூரோன்பாய்.

மிர்லான் சட்டென்று அணைத்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "தெரியாம பேசிட்டேன் அக்சகால். மன்னிச்சுக்கோங்க."

"உன் மேல தப்பு இல்ல. அன்னைக்கே வேண்டாம்னு சொன்ன. நான்தான் உன்னைத் திருடன்னு நினைச்சேன். பெட்டியை எடுத்துக்கோ. அவ எடுக்கறதுக்குக் கூட ஆகற காசை வாங்கிக்கோ. அவ கேட்டு எடுக்கட்டும்."

"ஸ்பீக்கர் கட்டுறதை எப்ப விட்டீங்க அண்ணே?" என்று விளக்குக்காரன் கூட்டத்திலிருந்து கேட்டான். கேலியாகக் கேட்டானா, சும்மா கேட்டானா என்று தெரியவில்லை.

"போன வருஷம்."

"காது போனது?"

சூரோன்பாய் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார். விளக்குக்காரன் தன் வீட்டுக் கல்யாணம் நடந்து எத்தனை வருஷம் என்று விரலை மடக்கி எண்ணினான். அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனான்.

பெர்மெட் உள்ளே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டாள். மூன்று பெட்டியை மாற்றி மாற்றி மாட்டினாள். தயங்காமல் கேள்வி கேட்டாள், பிடிக்காததைத் தள்ளி வைத்தாள். தன் முன்னால் தலை தூக்காத பெண் இவள்தானா என்றிருந்தது அவருக்கு. அவர் வெளியே ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அதே சின்னக் கறுப்புப் பெட்டியோடு வந்தாள். அவர் தூக்கிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை வாசித்தாள். வெள்ளிக்கிழமை அனுப்பினாள். சனிக்கிழமை மத்தியானம் செலிமா மீதி ஒன்பதும் எப்போது வரும் என்று கேட்டு எழுதியிருந்தாள். பெர்மெட் அதைச் சத்தமாகப் படித்தாள். குல்சாரா அவளைக் கட்டிக்கொண்டு, மாவுக் கையாலேயே முதுகில் நாலு அடி போட்டாள்.

தாலாய் போன் பண்ணியபோது சூரோன்பாய் வாங்கிக்கொண்டார். "கேன்டீன்காரன்கிட்ட வேற ஆளைப் பாக்கச் சொல்லு. இவ வரமாட்டா."

"முதல் தடவை என்னப்பா கெட்டுப் போச்சு? கம்பியைத் தப்பா மாட்டிட்டேன்னு சொன்னாளே."

"அவ மாட்டல. நான் மாட்டினேன். செவிட்டுப்பயகிட்ட போய் சாமான் பாக்கச் சொன்ன நீயும் ஒரு மடையன்." போனை வைத்துவிட்டார். அந்தப் பக்கம் மகன் என்ன சொல்ல வந்தான் என்று கேட்கவில்லை.

அப்புறமும் மனசு அடங்கவில்லை. விளக்குக்காரன் மடக்கிய விரல் கண்ணிலேயே நின்றது. பெர்மெட் டீ ஊற்ற வந்தபோது கேட்டார்.

"உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்? கடையிலயா?"

அவள் கிண்ணத்தை நீட்டினாள். "விடுங்க அத்தா."

"சொல்லு. இனிமே நீ எதையும் முழுங்கக் கூடாது."

அவள் யோசித்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, என்னவென்று தெரியவில்லை. "எங்க கல்யாணத்தன்னைக்கு அத்தா. நீங்கதானே ஸ்பீக்கர் வச்சீங்க. ஆரம்பிச்சதிலிருந்து முடியற வரைக்கும் அது கூவிக்கிட்டே இருந்துச்சு. எங்க அம்மா தலைத்துணியை இழுத்துக் காதை மூடிக்கிட்டாங்க. மாமனுங்க மூணு பேரும் சாப்பிடாம எந்திரிச்சு வெளிய போய் நின்னாங்க."

"யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே."

"சம்பந்தி வீடு அத்தா. எப்படிச் சொல்லுவாங்க?"

அவள் உள்ளே போய்விட்டாள். சூரோன்பாய் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெண்ணின் அம்மா துணியால் முகத்தை மூடிக் குனிந்திருந்ததைப் பார்த்தார். மாமன்கள் வெளியே போய் நின்றதையும் பார்த்தார். பெண்ணைப் பிரிகிற துக்கம், பாவம், என்று நினைத்துக்கொண்டார். அவர்கள் மனசு கொஞ்சம் தேறட்டும் என்று, சத்தத்தை இன்னும் ரெண்டு திருகு கூட்டி வைத்தார்.